சாயாத ஆறு

சுல்மா பெந்தான்கோர் நகப்பூச்சு வாங்கினாள் என்ற செய்தி, அவள் மருந்துக் கடையிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் பலெர்மோ பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. அதுவும் வெளிர் ரோஜா அல்ல. செர்ரிப் பழச் சிவப்பு. பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளை மேலங்கியும் கழுத்துக்கு நீல நாடா முடிச்சும் தைத்து விற்கிறவள், நாளெல்லாம் வெள்ளைத் துணியில் கை வைத்துப் பிழைக்கிறவள், ஐம்பத்தெட்டு வயதில் சிவப்புப் பூச்சு எதற்கு வாங்குகிறாள்? கடைக்காரி கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

ஞாயிறு என்றால் கேமராக் கூட்டம். காலையில் ஆற்றங்கரைச் சாலையில் சேர்ந்து, காற்றில் முடி பறக்க நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்து, கடைசியில் டினோவின் பாரில் உட்கார்ந்து ஒருவர் படத்தை ஒருவர் குறை சொல்லும் பத்துப் பன்னிரண்டு பேர். நல்ல கேமரா உள்ளவர்கள், கைபேசி மட்டும் உள்ளவர்கள், வீட்டில் பேச ஆளில்லாதவர்கள் என்று மூன்று வகை. மூன்றாவது வகைதான் அதிகம். கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். "திறமைய வளத்துக்கலாம்னு வந்தேன்" என்பார்கள்.

கூட்டத்தை நடத்துகிறவள் பெர்லா இன்வெர்னிஸி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவள். மனிதர்களை உட்புறமாகவே பார்த்துப் பழகிய கண் என்பதால் வெளிப்புறம் எதுவும் அவளுக்குத் திருப்தி தராது. "படம் நல்லாருக்கு. ஆனா எலும்பு இல்ல" என்பாள். அது என்ன எலும்பு என்று கேட்கிற துணிச்சல் இதுவரை யாருக்கும் வரவில்லை. பாரில் அவள் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஆளுக்கு மூன்று படம் காட்டலாம்; குறை மட்டும்தான் சொல்ல வேண்டும்; 'அழகு' என்ற சொல்லை எவர் சொன்னாலும் தன் தட்டில் இருக்கும் பிஸ்கோச்சோவைப் படம் எடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். வெண்ணெய் மணக்கிற அந்தப் பிஸ்கோச்சோவை இழக்க யாருக்கு மனம் வரும்? பல மாதங்களாக அந்த மேசையில் எதுவும் அழகாக இருந்ததில்லை.

சுல்மா இந்தக் கூட்டத்துக்கு வந்த கதை பேட்டைக்கே தெரியும். கணவன் ஹெபெர், சமையலறைச் சுவரில் பதிக்கிற ஓட்டுக்கு மாதிரி காட்ட வந்தவளோடு மால்தொனாதோவுக்குப் போய்விட்டான். ஓடு மட்டும் பாதிச் சுவரில் நின்றுபோயிற்று. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் தங்கை ஒஃபேலியா வீட்டில் மாவுக்குள் பூரணம் வைத்து வேகவைத்த ரவியோலியும், ஒஃபேலியாவின் ரத்தக்கொதிப்புப் பற்றிய விவரங்களும். ஒருநாள் ரவியோலியா கேமராவா என்று யோசித்துப் பார்த்துக் கேமராவை வாங்கினாள்.

வந்த இடத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. முதலாவது, அவள் படங்கள் நேராயின.

இது சின்ன விஷயமில்லை. கூட்டத்தில் எல்லோருடைய படத்திலும் ஆறு சாய்ந்துதான் இருக்கும். அக்கரை தெரியாத ஆறு. வானத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் இறங்கி, இன்னும் கொஞ்சம் விட்டால் படச்சட்டத்தை விட்டு வழிந்து டினோவின் மேசையை நனைத்துவிடும்போல் இருக்கும். "ஏம்ப்பா, ஆத்த ஊத்திட்டியே, துணி எடுத்துட்டு வா" என்று பெர்லா கத்துவாள். சுல்மாவின் முதல் சில படங்களும் ஊற்றத்தான் செய்தன. பிறகு என்ன மாயமோ, ஆறு நிமிர்ந்து நின்றது. தையற்காரியின் கண், தானாக நூல் பிடிக்கிறது என்று அவளே விளக்கம் சொல்லிக்கொண்டாள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாவது காரியம் வாஷிங்டன் தெச்சேரா. லிஃப்ட் பழுது பார்க்கிறவர், மனைவியை இழந்தவர், அறுபதை எட்டிப்பார்க்கும் வயது, மீசை மட்டும் இன்னும் கறுப்பு. மேல்மாடியில் மாட்டிக்கொண்டவர்களைக் கீழே இறக்குவது தொழில் என்பதாலோ என்னவோ, யாரிடமும் அவசரப்பட்டுப் பேச மாட்டார். சுல்மா எங்கே நின்றாலும் அவர் பத்தடிக்குள் நிற்பார். இதைப் பார்த்துத்தான் அவள் மனம் அந்தப் பக்கம் நகர்ந்தது. ஆனால் இந்த மனிதர் அவளை ஒரு படம் எடுத்ததில்லை.

பெர்லா கத்துவதை எடுத்திருக்கிறார். தூண்டில்காரர்களை எடுத்திருக்கிறார். ஊரில் உள்ள நாய்களில் பாதி அவர் கேமராவில் இருக்கிறது. டினோவின் ஈர ஏப்ரனைக்கூட ஒருமுறை எடுத்து மூன்றில் ஒன்றாகக் காட்டினார். சுல்மா மட்டும் இல்லை. முகம் வேண்டாம், முதுகுகூட இல்லை.

சனிக்கிழமை மாலை நகம் காய்வதற்காக விரல்களை விரித்துக்கொண்டு அவள் தங்கைக்கு போன் பேசினாள்.

"ஒஃபேலியா, நாளைக்கு ஒரே ஒரு நாள் பாப்பேன். கைகள்னு தலைப்புக் குடுத்திருக்கா பெர்லா. நாளைக்கும் அந்த மனுஷன் என்னை எடுக்கலன்னா, அடுத்த ஞாயித்துக்கெழமைலேருந்து நான் உன் வீட்டுக்கே வந்துடறேன். கேமராவ உன் பொண்ணுக்குக் குடுத்துடறேன்."

"நான் அப்பவே சொன்னேன்ல. ஒரு நாய எடுக்கறவன் உன்னை எடுக்க மாட்டேங்கறான்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"அத வேற என் வாயால சொல்லணுமா? அடுத்த வாரம் கீரை ரவியோலி. சீக்கிரம் வந்துடு."

மறுநாள் மேகம் தாழ்ந்து கிடந்தது. ஆறு, போட்டு வெகுநேரம் ஆறவிட்ட பால் காப்பி நிறத்தில் இருந்தது. எல்லோரும் வழக்கம்போலவே வந்திருந்தார்கள். அதாவது இடது கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், இடது கையில் மாத்தே குடுவை, குடுவைக்குள் ஊறுகிற கசப்பு இலை, அதில் செருகிய வெள்ளி உறிஞ்சுகுழல். பிளாஸ்க்கைக் கீழே வை என்று இந்த ஊர்க்காரரிடம் சொல்வதும், கையைக் கழற்றி வை என்று சொல்வதும் ஒன்றுதான். தோல்பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. பத்தடிக்கு ஒருமுறை வெளியே எடுத்தாக வேண்டும். யார் திரும்ப உள்ளே வைப்பது? ஆகவே கக்கத்திலேயே இருக்கும்.

பிளாஸ்க் இல்லாதவன் மைக்கோல் ஒருவன்தான். வங்கிக் காவலாளி, முப்பத்துநான்கு வயது, வயிற்றுப்புண். டாக்டர் மாத்தேயை நிறுத்தச் சொன்ன நாளில் அவன் அழுததாகவும் கேள்வி. அந்த வருத்தத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கி, ஆற்றுப் பறவைகளை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சுல்மாக்கா, நகம் ஜொலிக்குதே! யாருக்குக் கல்யாணம்?" என்றான்.

"உன் கடல்காக்காவுக்கு. மாப்பிள்ளை பாத்தாச்சு."

"கைகள்னுதான் தலைப்பு. உங்க கைய நீங்களே எடுத்துக்கப் போறீங்களா?"

"எடுக்கறவங்க எடுப்பாங்க" என்றாள் சுல்மா. வாஷிங்டன் காதில் விழுகிற அளவுக்குச் சொன்னாள். வாஷிங்டன் நாய் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடக்க ஆரம்பித்தார்கள். கரைச்சுவரில் ஒரு தூண்டில்காரர் புழுவைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் தேய்ந்த கயிறுபோல. சுல்மா கண்ணைக் கேமராவில் வைத்தபடியே, பிளாஸ்க்கையும் குடுவையையும் பின்னால் நீட்டி, "இதக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். எந்தக் கையோ வாங்கிக்கொண்டது. அவள் இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டி, மூச்சை நிறுத்தி எடுத்தாள். எடுத்த படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே பின்னால் கையை நீட்டினாள். பிளாஸ்க் கைக்கு வந்தது. குடுவையில் வெந்நீர்கூட ஊற்றித் தயாராக இருந்தது. உறிஞ்சிக்கொண்டே நடந்தாள்.

சறுக்குப்பலகையில் விழுந்து எழும் பையன்களின் கை, ஐஸ்கிரீம் வண்டிக்காரியின் கை, ஒரு கிழத் தம்பதி கோத்துக்கொண்ட கை. ஒவ்வொன்றுக்கும் "இதக் கொஞ்சம் பிடிங்க". ஒவ்வொரு முறையும் படம் எடுத்து முடித்துத் திரும்பிப் பார்ப்பாள். வாஷிங்டன் பின்னால் நின்றுகொண்டிருப்பார், கேமரா வயிற்றில் தொங்க, மரக்கட்டை மாதிரி. அவள் வேண்டுமென்றே சுவரில் கையை வைத்து விரல்களை விரித்துக் காட்டினாள். காற்றில் முடியை ஒதுக்கினாள், ஒதுங்கியிருந்த முடியையும் மறுபடி ஒதுக்கினாள். மனிதர் கேமராவைத் தூக்கவில்லை.

"வாஷிங்டன், உங்களுக்கு இன்னிக்கு எடுக்கறதுக்கு ஒண்ணும் ஆம்படலையா?"

"ஆம்பட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கு."

"அப்ப எடுக்க வேண்டியதுதானே?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்."

பார்த்துக்கொண்டே இருக்கிறாராம்! மியூசியத்துக்கு வந்த மாதிரி. சுல்மாவுக்குக் காது சுட்டது. கீரை ரவியோலியின் வாசனை அப்போதே மூக்கில் ஏறியது.

பூங்காப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கேமராவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு எல்லோரும் டினோவின் பாருக்கு ஓடினார்கள். மழை என்றால் இந்த ஊரில் அடுப்பில் எண்ணெய் காய்ந்தாக வேண்டும். டினோ ஏற்கெனவே மாவைத் தட்டி நடுவில் ஓட்டை போட்டுப் பொரிக்க ஆரம்பித்திருந்தார். ஈர உடம்புகளும் பொரித்த மாவின் வாசனையுமாகப் பாருக்குள் ஒரு சுகமான புழுக்கம். பிளாஸ்க்குகள் மேசை நடுவில் வரிசையாக நின்றன.

பெர்லா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். நீதிமன்றம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

சுல்மாவின் முறை வந்தது. தூண்டில்காரரின் கை, பின்னால் ஆறு, அடிக்கோல் வைத்து இழுத்தது போல.

"ஐஸ்கிரீம்காரி படத்துல வெளிச்சம் செத்துப்போச்சு" என்றாள் பெர்லா. "ஆனா ஆறு நேரா இருக்கு. அத ஒத்துக்கத்தான் வேணும். இந்த மேசைல ஆத்த ஊத்தாத ஒரே ஆளு நீதான்."

"தையக்காரி கண்ணு" என்றாள் சுல்மா அடக்கமாக. உண்மையில் அடக்கம் அவள் முகத்தில் இருக்கவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமுமில்லை. அடுத்தது வாஷிங்டன்.

அவர் கேமராவை மேசையில் வைத்தார். முதல் படம், ஒரு நாயின் முன்னங்கால். கை என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டாவது, கைப்பிடிச் சுவரில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை. மூன்றாவது, பெர்லாவின் நீட்டிய ஆட்காட்டி விரல். அதில் ஆறு செங்குத்தாக வழிந்துகொண்டிருந்தது.

"யோவ், இது ஆறா, அருவியா?" என்றாள் பெர்லா. "எல்லாருக்கும் கொஞ்சம் சாயும். உனக்கு மட்டும் கப்பல் முழுகுது. நீ லிஃப்ட்ட எப்படிய்யா நேரா நிறுத்தற?"

எல்லோரும் சிரித்தார்கள். சுல்மா சிரிக்கவில்லை. நாயின் கால், அனாதைக் கையுறை, பெர்லாவின் விரல். பெர்லாவின் நகத்தில் பூச்சே கிடையாது. சுல்மா தன் கைகளை மேசைக்கடியில் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேமரா உறையின் பட்டையை இழுத்து மூடினாள்.

"பெர்லா, அடுத்த வாரத்துலேருந்து நான்..." என்று ஆரம்பித்தாள்.

"இரு, மைக்கோல் காட்டட்டும். ஒரு நாளாவது பறவ இல்லாம எடுத்திருக்கானான்னு பாப்போம்."

"இன்னிக்குப் பறவையே வரல" என்றான் மைக்கோல் வருத்தமாக. "அதனால உங்களத்தான் எடுத்தேன். தூரத்துலேருந்து. தலைப்பு கைகள்தானே? எனக்கு ஒரு நல்ல கை மாட்டிச்சு. கை இல்லாத மனுஷன்."

கேமராவைத் திருப்பி வைத்தான்.

படத்தில் கரைச்சுவர். சுவரோரம் சுல்மா, இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்து, சிலை மாதிரி நின்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வாஷிங்டன். இடது கக்கத்தில் ஒரு பிளாஸ்க், வலது கக்கத்தில் ஒரு பிளாஸ்க், இடது கையில் ஒரு குடுவை, வலது கையில் ஒரு குடுவை. இரண்டு தோளும் காதுவரை ஏறியிருக்கின்றன. கேமரா வயிற்றில் தொங்குகிறது. கரையேறி வழி தெரியாமல் நிற்கிற பென்குயின் ஒன்றைப் போல, சுல்மாவின் பின்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டினோ கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"அடப்பாவி!" என்றாள் பெர்லா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கினாள். "அதானே பாத்தேன்! சுல்மா, உன் ஆறு ஏன் நேரா இருக்குன்னு இப்ப தெரியுது. உனக்கு ரெண்டு கையும் காலி. தையக்காரி கண்ணாம், கண்ணு! பிளாஸ்க்க கக்கத்துல இடுக்கிட்டு ஒத்தக் கையில கேமராவப் பிடிச்சா எவ படந்தான் சாயாது? இத்தன நாளா எனக்கே இது புரியல பாரு!"

மேசையைச் சுற்றி எல்லோரும் தங்கள் இடது கக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். பல மாதமாக வெளிச்சத்தையும் காற்றையும் லென்ஸையும் திட்டியவர்கள். ஒருவருக்கும் பிளாஸ்க் மீது சந்தேகம் வந்ததில்லை. வரவும் வராது. இந்த ஊரில் ஒருவர் கக்கத்தில் பிளாஸ்க் இருக்கிறதா என்று பார்ப்பது, முகத்தில் மூக்கு இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. சுல்மா இன்று அத்தனை முறை திரும்பிப் பார்த்தாளே, அவர் கேமராவைத் தூக்காததைத்தான் பார்த்தாள். ஏன் தூக்க முடியவில்லை என்பது கண்ணெதிரிலேயே இரண்டாக நின்றும் தெரியவில்லை.

"இன்னிக்கு மட்டும் இல்ல" என்றான் மைக்கோல். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். துல்லியமாக ஒரு கடல்காகம். அதற்குப் பின்னால் மங்கலாகச் சுல்மா, மங்கலாக இரண்டு பிளாஸ்க்கோடு ஓர் உருவம். நாரை ஒன்று, பின்னால் அதே உருவம். கோடைகாலத் தொப்பியோடு ஒருமுறை, வசந்தகாலத்துக் கம்பளிச் சட்டையோடு ஒருமுறை. "நான் இதுவரைக்கும் விளக்குக் கம்பம்னு நெனச்சிருந்தேன்" என்றான்.

சுல்மாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுத்தது. பேட்டையெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்ட கண், வெறும் கக்கமாகிவிட்டது. அவமானம்தான். ஆனால் அந்த அவமானத்துக்கு உள்ளே வெதுவெதுப்பாக வேறு ஏதோ இருந்தது, வெந்நீர் ஊற்றித் தயாராக நீட்டப்படுகிற குடுவை மாதிரி. அந்தக் குடுவையில் நீர் ஊற்றியது யார் என்றுகூட அவள் ஒருநாளும் யோசித்ததில்லையே. இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு அதை எப்படித்தான் ஊற்றினாரோ!

"வாஷிங்டன்."

"ம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க திரும்பாம கைய நீட்டினீங்க. பக்கத்துல நான் இருந்தேன், வாங்கிக்கிட்டேன்."

"எப்பவும் நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களா?"

வாஷிங்டன் மீசையைத் தடவினார். "வேற யாராவது வாங்கிடுவாங்களேன்னுதான் பக்கத்துல இருந்தேன்."

சுல்மா கேமரா உறையின் பட்டையைத் தளர்த்தினாள்.

"அப்ப ஏன் என்னை ஒரு படம்கூட எடுக்கல? நாய எடுக்கத் தெரிஞ்சுது, இவ வெரல எடுக்கத் தெரிஞ்சுது..."

"நாய்ங்க கையில எதுவும் குடுக்கறதில்லம்மா" என்றார் வாஷிங்டன். "உங்ககிட்ட வந்தா எனக்குக் கை இருக்காது. கை இருக்கறப்ப நீங்க தூரத்துல இருப்பீங்க. தூரத்துலேருந்து எடுக்க, இவன மாதிரி எங்கிட்ட பீரங்கியும் இல்ல. நீங்க போன பெறகு அவசர அவசரமா எதையாவது எடுப்பேன். அது ஊத்திடும்."

பெர்லா குறை சொல்ல வாயைத் திறந்து, அதில் பொரித்த மாவைப் போட்டுக்கொண்டாள்.

வெளியே மழை விட்டிருந்தது. மேகத்துக்கு அடியில் ஒரு கீற்று வெளிச்சம், ஆற்றின் மேல் தகரம் விரித்தது போல. சுல்மா எழுந்தாள். மேசை நடுவிலிருந்து தன் பிளாஸ்க்கை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கினாள். வாஷிங்டனின் பிளாஸ்க்கை எடுத்து வலது கக்கத்தில் இடுக்கினாள். இரண்டு குடுவையையும் இரண்டு கையில் எடுத்தாள்.

"எழுந்திரிங்க. இந்த வெளிச்சம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

"எங்கம்மா?"

"வெளியதான். உங்களுக்கு இப்ப ரெண்டு கை இருக்கு. இனி என்ன சாக்குச் சொல்றீங்கன்னு பாப்போம்."

சாலையைக் கடந்து கரைச்சுவரோரம் போனார்கள். மற்றவர்கள் பாரின் வாசலில் கையில் பொரித்த மாவோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்; கல்யாண வீட்டில்கூட இவ்வளவு ஆர்வமாகப் பார்த்திருக்க மாட்டார்கள். பிளாஸ்க் இரண்டையும் இடுக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு சிரமம் என்று சுல்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தோள் காதுக்கு ஏறியது. முடி காற்றில் வாயில் புகுந்தது, ஒதுக்கக் கையில்லை. மாத்தே ஒரு சொட்டு மணிக்கட்டில் வழிந்து சுட்டது. இதோடுதான் இந்த மனிதர் வசந்தத்திலிருந்து நடந்திருக்கிறார்.

"சிரிக்கணுமா?" என்று கத்தினாள்.

"மூச்சப் பிடி! அசையாத!" என்று வாசலிலிருந்து பெர்லா கத்தினாள், பழக்க தோஷத்தில்.

வாஷிங்டன் இரண்டு முழங்கையையும் விலாவில் ஒட்டினார். அதை எங்கே கற்றார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. லிஃப்ட் கதவு மூடுவதற்குக் காத்திருப்பவரைப் போல நிதானமாக நின்றார். எடுத்தார்.

திரும்பி வந்ததும் கேமரா மேசைக்கு வந்தது. எல்லோருடைய தலையும் அதன் மேல் கவிந்தது.

ஆறு நேராக இருந்தது. அப்படி ஒரு நேர். பெர்லாவே விரலை வைத்துப் பார்த்தாள். நடுவில் சுல்மா, இரண்டு பக்கமும் பிளாஸ்க், தோள் ஏறி, வாயில் முடி, பாதிச் சிரிப்பு. குடுவைகளைச் சுற்றி வளைந்த பத்து விரலிலும் செர்ரிச் சிவப்பு. தலையின் நட்டநடுவிலிருந்து ஒரு விளக்குக் கம்பம் முளைத்து வானத்துக்குப் போயிருந்தது.

"ஆறு நிக்குது" என்றாள் பெர்லா. "ஆனா தலையில கம்பம் நட்டு வச்சிருக்க. பின்னாடி என்ன இருக்குன்னு பாக்க மாட்டியாய்யா?"

"கம்பத்தப் பாக்கல" என்று ஒத்துக்கொண்டார் வாஷிங்டன்.

"நீ எதப் பாத்தங்கறது எங்களுக்கும் தெரியுது."

சுல்மா கேமராவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். ஹெபெரோடு எடுத்த படங்களில்கூட அவள் இப்படி வாயில் முடியோடு சிரித்ததில்லை. அவற்றிலெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, நேராகப் பார்த்து, ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறாள்.

"அழகு" என்றாள்.

மேசையே அவளைத் திரும்பிப் பார்த்தது. பெர்லா தட்டை நோக்கி ஆட்காட்டி விரலை நீட்டினாள். சட்டம் சட்டம்தான். சுல்மா தன் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கோச்சோவை, மேலே சர்க்கரை பூசியதை, கடைசியில் சாப்பிடலாம் என்று வைத்திருந்ததை, எடுத்து வாஷிங்டன் தட்டில் வைத்தாள். அவர் அதை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியைத் திருப்பி வைத்தார். அது சட்டத்தில் உண்டா இல்லையா என்று பெர்லா யோசித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பாதியும் உள்ளே போய்விட்டன.

ஒஃபேலியாவின் போன் வந்தது. சுல்மா சர்க்கரை ஒட்டிய விரலால் எடுத்தாள்.

"இல்லடி, அடுத்த வாரம் வரல... கீரை ரவியோலிய நீயே சாப்பிடு. உன் பொண்ணுக்கு வேற கேமரா வாங்கிக் குடு... என்ன அர்த்தமா? அத வேற என் வாயால சொல்லணுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஒரு புது ஏற்பாட்டோடு நடந்தது. ஒருவர் எடுக்கும்போது இன்னொருவர் பிளாஸ்க் பிடிக்க வேண்டும். ஜோடியைப் பெர்லாவே தீர்மானிப்பாள். யாருக்கு யார் என்று ஒரே தகராறு. மைக்கோலுக்கு யாரும் பிளாஸ்க் பிடிக்க வேண்டியதில்லை; ஆகவே எல்லோருக்கும் அவனே பிடித்தான், பறவைகளைத் திட்டிக்கொண்டு. இரண்டு பேரின் ஜோடியை மட்டும் பெர்லா தீர்மானிக்கப் போகவில்லை. அவர்கள் ஏற்கெனவே முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். பிளாஸ்க் எப்போது யார் கக்கத்தில் இருந்தது என்று பின்னால் வந்தவர்களுக்குக் கணக்கு வைக்க முடியவில்லை. அத்தனை கவனமாகப் பார்த்தும் முடியவில்லை.